ஜே-1 வாங்கலாமா, ஹெச்-1பி கிடைக்கும் வரை காத்திருக்கலாமா? ரேங்க் லிஸ்ட் போடும் முன் ஒரு கேள்வி

வைகைக்கரை
(ஜனவரி 2026)

எல்லோருக்கும் வணக்கம். பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் 2019, 2021-ல் எழுதியவையாக இருக்கின்றன, போன செப்டம்பரில் ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்த அப்புறம் நிலைமையே மாறிவிட்டதால் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் இங்கே அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தேன். அமெரிக்காவில் ரெசிடென்சி, அதாவது மருத்துவ மேற்பயிற்சிக்குப் போகப் பார்க்கிறேன், அதற்கு ஜே-1 என்ற பயிற்சி விசாவோ ஹெச்-1பி என்ற வேலை விசாவோ வேண்டும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே, ஆங்கிலத்துக்கு ஓஇடி எல்லாம் முடித்து, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் கையில் இருக்கிறது. ஹெச்-1பி வேண்டுமென்றால் ஸ்டெப் 3 தேறியிருக்க வேண்டும், அதை அமெரிக்காவில் போய்த்தான் எழுத முடியும் என்பதால் கடன் வாங்கி விசிட் விசாவில் போய் அதையும் எழுதித் தேறினேன். இன்டர்னல் மெடிசினில் (பொது மருத்துவம்) ஆறு நேர்காணல் வந்தது. அதில் நான்கு இடங்களில் ஜே-1 மட்டும்தான். இரண்டு இடங்களில் ஹெச்-1பியும் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது அதில் ஒருவர், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு எங்களால் முடியாது, அந்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தை நாங்கள் கட்ட மாட்டோம் என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். இன்னொருவர் பதிலே போடவில்லை.

ஜே-1 என்றால் பயமாக இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்கிறார்கள். என் கணவர் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறார், மூன்று வயதில் ஒரு மகள். அங்கே போய் வேரூன்றும் நேரத்தில் பெட்டியைக் கட்டு என்று சொன்னால் என்ன செய்வது? எந்த இடம் முதலில் வேண்டும், எது அடுத்தது என்ற ரேங்க் லிஸ்ட்டை மார்ச் முதல் வாரத்துக்குள் போட வேண்டும். பதில் சொல்லாத அந்த ஒரு இடத்தை மட்டும் நம்பி முதலில் போடலாமா, இல்லை இந்த வருடத்தை விட்டுவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாமா?

---

பனிவயல்

தங்கச்சி, வருடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். படித்து முடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணித்தான் பல புரோகிராம்கள் விண்ணப்பத்தையே திறக்கின்றன. இந்த வருடம் ஆறு அழைப்பு வந்தது என்பதால் அடுத்த வருடமும் ஆறு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹெச்-1பி விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 19-ல் கையெழுத்தான அறிவிப்பு, 21-ம் தேதியிலிருந்து நடைமுறை. நாட்டுக்கு வெளியே இருப்பவருக்குப் புதிதாக ஹெச்-1பி மனு போட்டால் ஒரு லட்சம் டாலர். ஏற்கெனவே உள்ளே வேறு விசாவில் முறையாக இருந்து, அங்கிருந்தபடியே ஹெச்-1பிக்கு மாறுபவர்களுக்கு அது இல்லை என்று அக்டோபர் 20-ல் குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்தது. முதல் வருட ரெசிடென்டின் ஆண்டுச் சம்பளமே 65,000, 70,000 டாலர் அளவில்தான் இருக்கிறது. அவர் சம்பளத்தைவிடப் பெரிய தொகையை விசாவுக்காகக் கட்டி எந்த மருத்துவமனை மதுரையிலிருந்து ஒருவரைக் கூப்பிடும்? உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார், அவர் மேல் கோபப்படாதீர்கள். பதில் போடாதவரிடம் இன்னொரு முறை எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் அங்கே ஹெச்-1பி இல்லை என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

அப்புறம் அந்த இரண்டு வருட விதி. 1976-ல் வந்த சட்டத்திலிருந்து, ஜே-1-ல் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு மருத்துவரையும் அது கட்டுப்படுத்துகிறது. பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹெச்-1பியும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது. மற்றத் துறைக்காரர்கள் தங்கள் அரசிடம் 'ஆட்சேபம் இல்லை' என்று ஒரு கடிதம் வாங்கி விலக்குப் பெறலாம், மருத்துவப் பயிற்சிக்கு வந்த நமக்கு அந்த வழி இல்லை. நமக்கு இருக்கும் முக்கியமான வழி வேலை செய்து வாங்கும் விலக்கு, வெய்வர் என்பார்கள். மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதி என்று அரசு குறித்திருக்கும் இடத்தில் மூன்று வருடம் முழுநேரமாக வேலை செய்தால் அந்த இரண்டு வருடத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். கான்ராட் 30 என்று பெயர். வடக்கு டகோட்டாவின் செனட்டராக இருந்த கென்ட் கான்ராட் 1994-ல் கொண்டுவந்தது, முதலில் மாநிலத்துக்கு 20 இடம், பின்னால் 30 ஆனது. சிறிய மாநிலமானாலும் கலிஃபோர்னியா ஆனாலும் அதே 30தான். அதனால் சில மாநிலங்களில் அக்டோபரில் திறந்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு நிரம்பும், சிலவற்றில் வருடம் முழுக்க இடம் கிடக்கும்.

நான் அப்படி வந்தவன்தான். 2013-ல் ஜே-1, 2016-ல் ரெசிடென்சி முடித்து வெய்வரில் இந்த ஊருக்கு வந்தேன். ஜனவரியில் மைனஸ் முப்பது போகும். கார் எஞ்சின் உறையாமல் இருக்க இரவெல்லாம் வீட்டு மின்சாரத்தில் செருகி வைக்க வேண்டும். முதல் குளிர்காலத்தில் மனைவி தினமும் அழுதாள், நானும் அவளுக்குத் தெரியாமல் அழுதேன். இதய நோயாளி ஒருவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமானால் இரண்டு மணி நேரம், பனிப்புயல் என்றால் ஹெலிகாப்டரும் வராது, விடியும் வரை நான்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஒரு ராத்திரி நான் காப்பாற்றிய விவசாயி ஒருவர் இன்றும் ஒவ்வோர் அறுவடைக்கும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். மூன்று வருடம் 2019-ல் முடிந்தது, நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

ஆனால் ஒன்று, வெய்வர் வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். என் முதல் ஒப்பந்தத்தில் ஒரு கிளினிக் பெயர்தான் இருந்தது, சேர்ந்த பிறகு இன்னும் இரண்டு ஊர்களுக்கு வாரா வாரம் அனுப்பினார்கள். ஒப்புதல் வாங்கிய முகவரியில் வேலை செய்யாத மணி நேரம் நமக்குக் கணக்கில் வராமல் போகலாம் என்பது எனக்குத் தெரிந்ததே ஆறு மாதம் கழித்துத்தான். வக்கீல் ஒருவரைப் பிடித்து எழுதிக் கேட்ட பின்தான் நிறுத்தினார்கள். விசாவுக்காக அவர்கள் கையில் இருக்கிறோம் என்று தெரிந்தே சிலர் இப்படிச் செய்வார்கள்.

---

நியூஜெர்சி குமார்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஹெச்-1பியில் வந்தவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லோரும் ஹெச்-1பி கிடைத்தால் மோட்சம் என்பதுபோல் பேசுகிறார்கள்.

ஹெச்-1பிக்கு மொத்தம் ஆறு வருடம். இன்டர்னல் மெடிசின் மூன்று, அப்புறம் இதயவியல் ஃபெலோஷிப் (சிறப்புத் துறைப் பயிற்சி) மூன்று, ஆறும் தீர்ந்தது. கிரீன் கார்டுக்கான முதல்கட்ட மனு அதற்குள் போட்டிருந்தால்தான் மேலே நீட்டிக்க முடியும், பயிற்சியில் இருப்பவருக்காக எந்த மருத்துவமனையும் அதைப் போடாது. நான் ஃபெலோஷிப்புக்கு ஆசைப்பட்டும் போகாமல், உள்நோயாளிகளை மட்டும் பார்க்கும் ஹாஸ்பிட்டலிஸ்டாக நின்றதற்கு இதுதான் காரணம். ஜே-1-ல் ஏழு வருடம் வரை பயிற்சி எடுக்கலாம், ஃபெலோஷிப் புரோகிராம்களும் பல இடங்களில் ஜே-1 மட்டும்தான் எடுக்கின்றன.

கிரீன் கார்டில் நானும் அண்ணனும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டின் இபி-2 பிரிவில் 2026 ஜனவரி நிலவரப்படி 2013 நடுவில் மனு போட்டவர்களுக்குத்தான் முறை வந்திருக்கிறது. வெய்வர் செய்யாமல் தப்பித்ததால் நான் ஒன்றும் முந்திவிடவில்லை. பெரிய ஊரில் இருந்தேன், வேலையை மாற்ற முடிந்தது, அந்த அளவுதான்.

---

மலையடிவாரம்

குறுக்கே பேசுகிறேன், மன்னியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறேன். இந்த மாதம் எங்கள் நிலையத்தில் இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒருவன்.

ஜே-1-க்கு நம் நாட்டு சுகாதார அமைச்சகத்திடம் ஒரு கடிதம் வாங்குகிறீர்கள். இந்தத் துறையில் பயிற்சி பெற்றவர் எங்கள் நாட்டுக்குத் தேவை, இவர் பயிற்சி முடித்துத் திரும்பி வருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அரசு அதில் சொல்கிறது. அதை வாங்கும் நாளிலேயே வெய்வர் எங்கே கிடைக்கும் என்று தேடுவது எனக்கு வலிக்கிறது. அரசுக் கல்லூரியில் நம்மைப் படிக்க வைத்தது இந்த ஊர் ஜனங்களின் வரிப்பணம். நான் யாரையும் திட்டவில்லை. ஆனால் 'இரண்டு வருடம் ஊருக்கு வர வேண்டுமே' என்பதை ஒரு தண்டனை மாதிரி எழுதியிருப்பதைப் படித்தபோது கை பதறியது.

---

பனிவயல்

தம்பி, நீங்கள் சொல்வதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. எழுதிக் கொடுத்தவன் நான்தான், திரும்பாதவனும் நான்தான். அமெரிக்கச் சட்டமே வெய்வரை அனுமதிக்கிறது என்பது உண்மை, அதற்காக அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடாது. இந்திய அரசும் 2011 வாக்கில் 'இவர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை' என்ற சான்றிதழை மருத்துவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தியது, நீங்கள் எல்லாம் திரும்பி வாருங்கள் என்ற எண்ணத்தில்தான்.

என்னுடன் பயிற்சி எடுத்த ஒருவர் வெய்வர் பக்கமே போகாமல் கோயம்புத்தூர் போய்விட்டார். நான் ஏன் போகவில்லை என்றால், அந்த வருடம் கடன் இருந்தது, தங்கை கல்யாணம் இருந்தது, அப்புறம் மகன் பள்ளிக்குப் போக ஆரம்பித்தான். இவை எல்லாம் காரணங்கள்தான், நியாயங்கள் என்று சொல்ல மாட்டேன். வைகைக்கரை, கையெழுத்துப் போடும் முன் தம்பி எழுதியதை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். திரும்பி வருவதும் ஒரு வழி என்று மனதில் வைத்துக்கொண்டு போனால், ஏழாவது வருடத்தில் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியிருக்காது. அந்த இரண்டு வருடத்தை ஒரே மூச்சாக முடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, கூட்டிக் கணக்குப் பார்ப்பார்கள்.

---

வைகைக்கரை

மலையடிவாரம் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. நான் அப்படி நினைத்து எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

இன்னொரு கேள்வி. என் கணவரின் வேலை என்ன ஆகும்? ஹெச்-1பி என்றால் குடும்பத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னதால்தான் அதன் பின்னாலேயே ஓடினேன்.

---

செந்தூரப்பூ

சிஸ்டர், இதற்கு நான் பதில் சொல்கிறேன். என் கணவர் ஜே-1-ல் ரெசிடென்ட், நான் ஜே-2, அதாவது ஜே-1காரரின் துணைக்கான விசா, மென்பொருள் வேலைதான் செய்கிறேன்.

உங்களுக்குச் சொன்னவர்கள் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். ஹெச்-1பிகாரரின் துணைக்கு ஹெச்-4 கிடைக்கும், கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டும் வரை அதில் வேலை செய்ய முடியாது, ரெசிடென்சி மூன்று வருடமும் வீட்டில்தான். ஜே-2 என்றால் இறங்கியதும் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அட்டை வந்துவிட்டால் எந்த நிறுவனத்திலும் சேரலாம். எனக்கு அட்டை வர நான்கு மாதம் ஆயிற்று, அதுவரை கையில் சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு வில்லங்கம் உண்டு. ஜே-1-க்கு அடிப்படையான டிஎஸ்-2019 என்ற தாளை இ.சி.எஃப்.எம்.ஜி. வருடா வருடம்தான் புதுப்பித்துத் தரும், என் அட்டையும் அதோடு சேர்ந்து முடியும். புதிய தாள் வந்து, விண்ணப்பித்து, அட்டை வருவதற்குள் பழையது காலாவதியாகிவிட்டால் அந்த நாட்களில் வேலை செய்யக்கூடாது. போன வருடம் ஐந்து வாரம் சம்பளமில்லாமல் இருந்தேன். மேலாளரிடம் வேலையில் சேரும்போதே இதைச் சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. அந்த இரண்டு வருட விதி ஜே-2-வையும் சேர்த்துக் கட்டும். உங்கள் கணவரின் நிறுவனம் அவருக்கு ஹெச்-1பி போடுகிறேன் என்றாலும் உங்களுக்கு வெய்வர் கிடைக்கும் வரை அவரால் மாற முடியாது. உங்கள் வெய்வர்தான் அவருக்கும்.

---

நல்லூர் வீதி

பிள்ளை, நான் யாழ்ப்பாணத்தில் படிச்சு இப்ப இங்கிலாந்தில் வேலை செய்யிறன். அமெரிக்கா சரிவராட்டி இங்கே வரலாம் எண்டு ஆராவது சொன்னால் இரண்டு தரம் யோசியுங்கோ. நான் வந்த காலம் வேறை. 2019 ஒக்டோபரில் எல்லா மருத்துவர்களையும் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்தவை, பிளாப் எண்ட சோதனை பாஸ் பண்ணி, மருத்துவர்களைப் பதியிற சபையான ஜி.எம்.சி.யில் பதிஞ்சவுடனை வேலை கிடைச்சது. இப்பவும் விசா விதி பெரிசாய்க் கஷ்டமில்லை, ஆஸ்பத்திரி ஸ்பொன்சர் கடிதம் தந்தால் சரி. ஆனால் அந்த முதல் வேலைதான் கிடைக்குதில்லை. பிளாப் முடிச்சுப் போட்டு மாசக்கணக்கில் அறையிலை இருக்கிற பிள்ளையளுக்கு நான் கிழமைக்கொருக்கால் சோறு கொண்டுபோய்க் குடுக்கிறன். பயிற்சி இடங்களில் இங்கே படிச்சவைக்கு முன்னுரிமை எண்டு சட்டமும் கொண்டு வருகினம். கையில் ஆறு நேர்காணல் வைச்சிருக்கிற பிள்ளை அங்கேயே போகட்டும்.

---

திருவாரூர் அப்பா

என் மகனும் இதே நிலையில் இருக்கிறான். சுகாதார அமைச்சகக் கடிதத்தை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

---

பனிவயல்

கொடுக்காதீர்கள் ஐயா. அது அரசுக் கடிதம், தேவையான தாள்களைச் சேர்த்து உங்கள் மகனே விண்ணப்பிக்கலாம். நேரம்தான் எடுக்கும். மேட்ச் முடிவு, அதாவது எந்த இடம் என்ற ஒதுக்கீடு, வந்த அன்றே தொடங்கிவிட வேண்டும், ஜூலை 1-ல் வேலையில் நிற்க வேண்டுமே. நடுவில் ஒப்பந்தம் வர வேண்டும், இ.சி.எஃப்.எம்.ஜி. ஸ்பான்சர் செய்து டிஎஸ்-2019 தர வேண்டும், செவிஸ் என்ற பதிவுக்காக 220 டாலர் கட்டணம் கட்ட வேண்டும், அப்புறம் அண்ணா சாலையில் தூதரக நேர்காணல். இப்போது சமூக ஊடகக் கணக்குகளையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள், அதற்காகக் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

அந்தக் கடிதத்தில் எந்தத் துறை என்று பெயர் இருக்கும். இன்டர்னல் மெடிசினுக்கு வாங்கியது நாளைக்கு இதயவியலுக்குச் செல்லாது, ஃபெலோஷிப்புக்குப் போகும்போது புதிதாக வாங்க வேண்டும். துறையையே மாற்றுவதானால் ஒரே ஒரு முறை, அதுவும் முதல் இரண்டு வருடத்துக்குள். கடிதத்தில் பெயரும் பாஸ்போர்ட்டில் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம்மவர்களுக்கு இனிஷியல் விவகாரத்தில்தான் பாதிப் பேருக்கு வாரக்கணக்கில் போகிறது.

---

மலையடிவாரம்

ஒரு சின்ன விஷயம். கல்லூரியிலிருந்து தாள்கள் எதுவும் சரிபார்க்க வேண்டியிருந்தால் இப்போதே கிண்டியில் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டு வாருங்கள். ஏப்ரலில் போனால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். என் ஜூனியர் ஒருவருக்காகப் போயிருக்கிறேன், எந்தப் படிவம் எந்த அறையில் என்று எனக்குத் தெரியும், தேவையென்றால் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

---

வைகைக்கரை
(பிப்ரவரி)

லிஸ்ட் போட்டுவிட்டேன். அந்த ஹெச்-1பி இடத்துக்கு இரண்டாவது முறை எழுதியதற்கு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வருடம் ஜே-1 மட்டும் என்று பதில் வந்தது. அதை நான்காவதாகப் போட்டிருக்கிறேன். முதலில் போட்டிருப்பது ஒரு சமூக மருத்துவமனை, சிறிய ஊர். அங்கே முடித்த ரெசிடென்டுகள் எங்கே வெய்வர் செய்கிறார்கள் என்று நேர்காணலில் கேட்காததை இப்போது எழுதிக் கேட்டேன், மூன்று பேருடைய தொடர்பையே கொடுத்தார்கள், ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அதை முதலில் வைத்தேன்.

கணவரிடம் ஜே-2 அட்டை விஷயத்தைச் சொன்னேன். முதல் நான்கைந்து மாதம் அவர் இங்கேயே வேலையில் இருந்துவிட்டு அப்புறம் மகளோடு வருவதா, சேர்ந்தே போவதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மகளை விட்டு அத்தனை மாதம் இருக்க என்னால் முடியுமா தெரியவில்லை.

மலையடிவாரம் அண்ணா, போன வாரம் கிண்டியில் நீங்கள் சொன்ன அறையிலேயே வேலை முடிந்தது, ரொம்ப நன்றி. திரும்பி வரும் வழியைப் பற்றியும் நானும் அவரும் பேசினோம், முடிவு எதுவும் எடுக்கவில்லை, ஆனால் பேசினோம்.

இடம் கிடைத்ததா இல்லையா என்பது மார்ச் 16 திங்கள்கிழமை தெரியும், எந்த இடம் என்பது 20 வெள்ளிக்கிழமை. எதுவானாலும் இங்கே வந்து எழுதுகிறேன்.